மேண்டில் என்றால் கவசமா, போர்வையா?

உட்லண்ட்ஸ் அப்பா
மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். நேற்று ராத்திரி ஒரு சொல்லை வைத்து வீட்டில் ரகளை. புவியியல் பாடத்தில் மேண்டில் பூமியின் நடு அடுக்கு. நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் கணவாய் மீனுக்கும் மேண்டில், நெப்டியூன் கோளுக்கும் மேண்டில். நான் ஊரில் தமிழ் மீடியம். ‘கவசம்’ என்று மனப்பாடம் செய்தவன். ஆனால் எனக்கு மேண்டில் என்றதும் ஞாபகம் வருவது பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் வலைதான். சித்தப்பா யாரையும் அதைத் தொட விடமாட்டார், விரல் பட்டால் பொடியாக உதிர்ந்துவிடும். சொன்னால் மகள் சிரிக்கிறாள். இதெல்லாம் ஒரே சொல்லா?

துளைபோடுபவன்
ஒரே சொல்தான் சார். லத்தீனில் மேலங்கி என்று பொருள். எதையாவது சுற்றிப் போர்த்தியிருந்தால் மேண்டில். உங்கள் விளக்கில் சுடரைப் போர்த்தியது. நூல் எரிந்துபோய் தோரியம், சீரியம் ஆக்சைடு கூடுதான் மிஞ்சும், அதனால்தான் உதிர்கிறது.

எனக்கு மண் பரிசோதனை வேலை. இங்கே புக்கிட் தீமா கிரானைட் பாறையில் அறுபது மீட்டர் இறங்குவதற்குள் துளைபோடும் பிட் தேய்ந்து போகும். மேண்டில் தொடங்குவதோ கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 கி.மீ. ஆழத்தில்! அங்கிருந்து சுமார் 2,900 கி.மீ. வரை அதுதான், பூமியின் கன அளவில் ஏறக்குறைய 84 விழுக்காடு. நெருப்புக் குழம்புக் கடல் என்று மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் திடப் பாறை, ஆனால் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகரும். நெப்டியூனின் மேண்டிலில் இருப்பது தண்ணீர், அம்மோனியா, மீத்தேன். ‘பனி’ என்று பெயர், ஆனால் கொதிக்கிற சூடு.

‘கவசம்’ எனக்கு ஒப்பவில்லை. கவசம் வெளியே அல்லவா இருக்கணும்? இதற்கு மேலே ஓடு இருக்கிறதே.

சோத்தோங் அக்கா
தம்பி சொல்வது சரி. கணவாயிலும் அதே கதை. விலங்கியல் படித்து முப்பது வருஷமாச்சு, பாதி மறந்துபோச்சு, இது மட்டும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் ஒரு சோத்தோங், அதாவது கணவாய், வாங்கி மகள் கையில் கொடுங்கள். தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் குடலும் மைப்பையும் கூடவே வந்துவிடும். கையில் மிஞ்சுகிற குழாய்தான் மேண்டில். வளையம் வளையமாக நறுக்கிப் பொரிக்கிறோமே, அதேதான். அதற்குள் நீரை இழுத்துப் பீச்சித்தான் கடலில் பாய்கிறது. உள்ளே கண்ணாடிபோல ஒரு தகடு இருக்கும். முன்னோர்களின் ஓட்டில் மிஞ்சியது, மேண்டில் சுரந்தது. சிப்பியின் ஓட்டைச் செய்வதும் மேண்டில்தான். முத்து வளர்ப்பவர்கள் மணியோடு இன்னொரு சிப்பியின் மேண்டில் துணுக்கையும் உள்ளே வைப்பார்கள். கவசத்தைச் செய்கிற மெல்லிய சதைக்கே கவசம் என்று பேர் வைத்தால் எப்படி? போர்வை என்றே சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் அப்பா
வாங்கினோம் அக்கா. மகள் வெடுக்கென்று இழுத்து மைப்பை கிழிந்துவிட்டது, பள்ளிச் சட்டை போச்சு. தகட்டைக் கழுவி பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள். மை போக என்ன போட்டுத் துவைப்பது?

சோத்தோங் அக்கா
முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம்.