கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் பண்டிகை நாளில் என்ன செய்தீர்கள்?

மேலூர்க்காரன்:

எங்களுடையது 1994இல் நடந்த சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, இரண்டு மாலைகள்தான். 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லும் என்று உறவினர் வீடுவீடாகச் சென்று எடுத்துச் சொன்னவர், நாள் தவறாமல் கோயிலுக்குப் போகும் என் மாமியார். அந்த ஐப்பசியில் தலைத் தீபாவளிக்கு அழைத்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு, மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயுடன் வந்து, "உட்காருங்க மாப்பிள்ளை" என்று மனைப்பலகையைக் காட்டினார். நரகாசுரன் கதையைப் பற்றிப் பெரியார் பேசியதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த வயது எனக்கு. "இதில் எனக்கு உடன்பாடில்லை அத்தை" என்றேன். எண்ணெயில் தோய்ந்த அவருடைய விரல்கள் நீட்டியபடியே நின்றன. ஒரு சொட்டு மாக்கோலத்தில் விழுந்து பரவியது. பிறகு "சரிங்க" என்று சொல்லி, அந்த விரல்களைத் தம் தலையிலேயே தடவிக்கொண்டார்.

இன்று அவர் இல்லை. வருகிற ஐப்பசியில் என் மகளுக்குத் தலைத் தீபாவளி. "அம்மாச்சி மாதிரி யாராவது அவருக்கு எண்ணெய் வைக்கணும்ப்பா" என்கிறாள்.

கோவை லேத் தொழிலாளி:

நான் ஆயுத பூசையில் கலந்துகொள்கிறவன், அதற்காக வருந்தியதில்லை. ஆண்டு முழுவதும் எண்ணெயும் பிசிறும் அப்பிக் கிடக்கும் லேத்தை, அன்றுதான் காட்டன் வேஸ்ட் கொண்டு இண்டு இடுக்கெல்லாம் துடைக்கிறோம். ஓர் ஆண்டு, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தந்து, "உன் மிசினுக்கு நீயே வை" என்றார். வைத்தேன். பக்கத்தில் நின்ற பையன், "அண்ணா, சாமி இல்லைன்னு சொல்வீங்களே?" என்று கேட்டான். நான் வணங்கியது சாமியை அன்று, எனக்குச் சோறு போடும் வேலையை என்று அப்போதே அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற அரசு அலுவலர்:

கோவை நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேலையைப் போற்றுவதற்கு மே நாள் இருக்கிறது. நடுச்சாலையில் பூசணிக்காயை உடைத்து, அதில் இருசக்கர வண்டிக்காரர் வழுக்கி விழுவதால் எந்த உழைப்பும் சிறக்காது. அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் வேண்டாம் என்று 1968இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுற்றறிக்கை வந்தது. அதற்குப் பின்னும் எங்கள் அலுவலகத்தில் கோப்புகளுக்குப் பொட்டு வைத்தார்கள். அந்த நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொள்வேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

மேலூர் நண்பருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. பண்டிகை வேண்டுமென்றால் பொங்கல் இருக்கிறது. பெரியாரும் அதைத் தமிழர் திருநாளாக ஏற்றுக்கொண்டார். அறுவடைக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லப் புராணம் தேவையில்லை. எனவே மகளையும் மருமகனையும் தைப்பொங்கலுக்கு அழைத்து, வேட்டி சேலை எடுத்துக் கொடுத்து, சீர்வரிசை எதுவானாலும் அன்றே செய்யுங்கள் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் உங்கள் மகள் கேட்பது பூசையை அன்று, பாட்டியின் கையை. ஆகவே தீபாவளிக்கே அழையுங்கள். சாமி படமும் நரகாசுரன் கதையும் இருக்காது, எண்ணெயும் விருந்தும் இருக்கும் என்று மருமகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; விடியற்காலையில் மனைப்பலகைக்கு முன்னால் வைத்துச் சொல்லாதீர்கள். எண்ணெய் வைப்பது உங்கள் மனைவியாக இருக்கட்டும், நீங்கள் வெளியே போய்விடாமல் பக்கத்தில் நில்லுங்கள். மிளகை முழுதாகவே போடுங்கள். பொடித்துப் போட்டால் கண்ணில் எரியும்.