டிரெய்லர் இழுக்க பிக்அப் வாங்கினேன், இரண்டாவது தடவை சரியாக வாங்கினேன்

தெரிந்த தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்து, "அண்ணா, 7,000 பவுண்டு டிரெய்லர் பார்த்து வைத்திருக்கிறேன், டிரக் 11,000 இழுக்குமாம், தாராளமாகப் போதும் இல்லையா?" என்று கேட்டார். நான்கு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். அவரிடம் போனில் அரை மணி நேரம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். நான் முதலில் வாங்கியது அரை டன் வகுப்பு பிக்அப், அதாவது பின்னால் திறந்த தொட்டி உள்ள டிரக். எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 எல்லாம் இந்த வகுப்புதான். அரை டன் என்பது பழைய காலத்துப் பெயர், இன்றைக்கு அவை சுமக்கும் எடைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கடைக்காரர் இழுவைத் திறன் 11,000 பவுண்டுக்கு மேல் என்று சொன்னார், நான் வாங்கிய டிரெய்லர் (பயணத்தில் தங்குவதற்கான, வீடு மாதிரி வகை) காலியாக 5,600 பவுண்டு, சாமான் ஏற்றினால் 7,000. பாதிக்குக் கொஞ்சம் மேல்தானே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார்கள். மார்ச் விடுமுறையில் ஐந்து பேரும் பிக் பெண்ட் பூங்காவுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். அபிலீன் தாண்டி ஸ்வீட்வாட்டர் வரும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். நாகர்கோவில்காரரான அப்பா, "நம்ம ஆரல்வாய்மொழி மாதிரியே இருக்கே" என்று ஜன்னலோரம் சாய்ந்து பார்த்துக்கொண்டு வந்தார். காற்றாலை நட்ட இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பக்கவாட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது, நான் 68 மைல் வேகம், பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று இடது பக்கம் கடந்து போனது. அது தள்ளிவிட்ட காற்றில் டிரெய்லரின் பின்பக்கம் வலது கண்ணாடியில் தெரிந்தது, அடுத்த நொடி இடது கண்ணாடியில் தெரிந்தது, மறுபடி வலது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக, கூடவே டிரக்கின் பின்பகுதியும் இடுப்பை ஆட்டுவது போல ஆட ஆரம்பித்தது. அப்பா ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்றது மட்டும் கேட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள். டிரெய்லர் ஆடும்போது காலால் பிரேக் மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்குக்காக டிரக்குக்குள் வைத்திருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் அழுத்தும் நெம்பு ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் டிரெய்லர் பிரேக் மட்டும் பிடித்து வண்டியைப் பின்னால் இழுத்து நேராக்கும். கடவுள் புண்ணியத்தில் முந்தைய வாரம்தான் இதைப் படித்திருந்தேன், கை தானாகப் போனது. ஓரம் கட்டி நிறுத்தியபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது, பையன் பேசவே இல்லை.

அடுத்த ஊரில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடை இருந்தது. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு தருவார்கள், இருபது டாலர்கூட ஆகாது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு தடவை ஏற்றினால், டிரெய்லரின் முன்பக்கம் ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு மாட்டும் இணைப்பு) மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று கழித்துப் பார்த்துவிடலாம். அதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருக்க வேண்டும், குறைந்தால் வால் ஆடும். எனக்கு 560 பவுண்டு, அதாவது 8 சதவீதம். சைக்கிள் எல்லாம் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, டிரெய்லரின் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி நிறைய இருந்தது, அம்மாவின் கிரைண்டரும் அரிசி மூட்டையும்கூடப் பின் அலமாரியில்தான்.

எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தினோம், தண்ணீரை வடித்தோம். டங் வெயிட் 910க்கு வந்தது, 13 சதவீதம், டிரெய்லர் ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது டிரக்கின் பின்பக்கம் தொங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை ஸ்டிக்கரை முதல் தடவையாகப் படித்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. இதுதான் பேலோட். டங் வெயிட்டும் இதற்குள்தான் அடங்க வேண்டும். நாங்கள் ஐந்து பேர் 720. டங் வெயிட் 910. எடையைப் பகிரும் ஹிட்ச் சாதனம் மட்டுமே 90. டிரக்கின் பின்தொட்டியில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, கருவிப் பெட்டி 180. கூட்டினால் 1,900. அந்த ஹிட்ச் சாதனத்தின் ஸ்பிரிங் பாரை இறுக்கினால் நூறு, நூற்றைம்பது பவுண்டு டிரெய்லர் அச்சுக்குத் திரும்பிப் போகும், அதைக் கழித்தாலும் எல்லையை எங்கேயோ தாண்டிவிட்டோம். 11,000 இழுக்கும் டிரக், 7,000 பவுண்டு டிரெய்லரோடு, சுமையில் தோற்றுவிட்டது.

கம்பெனி சொல்லும் இழுவை எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு எண் போட்டார்கள். பிறகு எஸ்ஏஇ ஜே2807 என்று பொதுவான சோதனை முறை வந்தது, டொயோட்டா 2011 மாடல்களிலேயே அதற்கு வந்துவிட்டது, அமெரிக்கக் கம்பெனிகள் மூன்றும் தங்கள் அரை டன் டிரக்குகளை 2015 மாடல் வாக்கில் கொண்டுவந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்தில் 11 மைலுக்கு மேல் ஏற்றம், கொதிக்கும் வெயிலில் ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, 40 மைல் வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், தலைக்கு 150 பவுண்டு, டங் வெயிட்டும் 10 சதவீதம்தான். அப்பா, அம்மா, பையன், ஜெனரேட்டர், கிரைண்டர் யாரும் அதில் இல்லை. நம் வீடுகளில் ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் விட்டுவிட்டா போவோம்?

இரண்டாவது டிரக் வாங்கும்போது விளம்பரத் தாளை நான் பார்க்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை வெயிலில் நோட்டும் பேனாவுமாகக் கடை முற்றத்தில் நின்ற வண்டிகளின் கதவை ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்டிக்கரைப் படித்து எழுதினேன். ஒரே மாடல், ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் என்று ஏற ஏறப் பேலோட் குறைந்துகொண்டே போகிறது, 300, 400 பவுண்டு வரை. அரை டன்னுக்கு அடுத்த பெரிய வகுப்பான முக்கால் டன்னிலும் டீசல் வாங்கினால் அதிகம் சுமக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை எல்லை 10,000 பவுண்டு என்று பதிந்த வண்டிகளில் டீசல் எஞ்சினின் கனமே சுமையைத் தின்றுவிடுகிறது. பெட்ரோல் வண்டியையே எடுத்தேன், ஸ்டிக்கர் 3,150. காலியாக ஓட்டும்போது பள்ளம் மேடு எல்லாம் முதுகுக்குத் தெரிகிறது, டிரெய்லரோடு கேலனுக்கு 9 மைல்தான் வருகிறது, அது உண்மை. பரவாயில்லை.

டென்வரிலிருந்து:

அண்ணா எழுதியது சமவெளிக் கணக்கு, முழுக்கச் சரி. மலையில் இருப்பவர்களுக்கு நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஐ-70 ரோட்டில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. உயரத்தில் காற்று மெலிவதால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும், அப்படியென்றால் சுரங்கத்து வாசலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். என்னுடைய பழைய டிரக் டர்போ இல்லாத வி8. டல்லாஸில் தூக்கிக்கொண்டு போகும் அந்த எஞ்சின் இங்கே 35 மைலில் உறுமிக்கொண்டு ஏறியது, பின்னால் வரிசை கட்டி நின்றார்கள்.

ஏறுவதுகூடப் பெரிதில்லை, மெதுவாகவாவது ஏறிவிடலாம். சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்த்தோர்ன் வரை 2,000 அடி இறக்கம், அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். டிரெய்லர் இழுக்கும்போது போடும் டோ/ஹால் பட்டனை அழுத்தினேன், ஆனால் கியரை இறக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதியில் கருகல் வாடை, ரொட்டி தீய்ந்த மாதிரி, மனைவி "என்னங்க எரியுது" என்றாள். கீழே வந்து நிறுத்தி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் ஓர் அடிக்கு முன்பே அனல் அடிக்கிறது. ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். இப்போது மேலிருந்து கிளம்பும்போதே இரண்டாவது, மூன்றாவது கியரில் வேகத்தைக் கட்டிவிட்டு, தேவைப்பட்டால் ஓர் அழுத்து அழுத்தி விட்டுவிடுவேன். மலைப் பக்கம் இருப்பவர்கள் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) உள்ள டீசலை ஒதுக்கிவிடாதீர்கள், பேலோட் குறைந்தாலும் இறக்கத்தில் அது தரும் தைரியம் வேறு.

ரொறன்ரோவிலிருந்து:

வணக்கம் அண்ணை. நான் புல் வெட்டும் தொழில் செய்கிறேன், வெட்டும் மெஷின் இரண்டும் சின்ன ட்ரெயிலர் ஒன்றில் ஏறும். புது வாகனம் எடுக்க வசதியில்லாமல் பழைய பிக்அப் ஒன்று எடுத்தேன். எஞ்சின் நல்லது, உள்ளே இருக்கையும் வடிவாக இருந்தது. கீழே படுத்துப் பார்க்கவில்லை, அதுதான் பிழை. இங்கே பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். மூன்றாம் மாதம் ஹிட்ச் பூட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தை மெக்கானிக் சுத்தியலால் தட்டிக் காட்டினார், செதில் செதிலாகக் கொட்டுகிறது, ஓர் இடத்தில் விரல் உள்ளே போகுது. அதோடு ஹைவேயில் ஓடியிருக்கிறேன் என்று நினைக்க இப்பவும் நெஞ்சு பதறும்.

பழையது எடுக்கிற ஆட்கள் ஒரு டோர்ச் லைட்டும் சுத்தியலும் கொண்டு போங்கள். ட்ரெயிலருக்குக் கரண்ட் கொடுக்கிற ஏழு முனை வயர் செருகியையும் திறந்து பாருங்கள், உள்ளே பச்சை பிடித்திருந்தால் ட்ரெயிலர் பிரேக்குக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகாது. ஒன்ராரியோவில் ட்ரெயிலர் சுமையோடு 1,360 கிலோ வந்தாலே அதற்குத் தனி பிரேக் இருக்க வேண்டும், சின்ன ட்ரெயிலர்தானே என்று கனபேர் கவனிக்கிறதில்லை.

மெல்பர்னிலிருந்து:

இங்கே பிக்அப்பை யூட் என்பார்கள், எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வார்த்தை "3,500 கிலோ இழுக்கும்". நானும் அதை நம்பி 3,500 கிலோ கேரவன் பார்த்து வைத்திருந்தேன். வாங்கும் முன்னால் எடைமேடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். என் யூட்டுக்கு, வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எல்லை 5,950 கிலோ. அதில் 3,500 போனால் மீதி 2,450. யூட் காலியாகவே 2,100. முன்னால் பொருத்திய இரும்பு பம்பர், மேல் கூடாரம், இரண்டாவது பேட்டரி 200 கிலோ. மிச்சம் 150 கிலோவில் நானும் மனைவியும் உட்காரலாம், பிள்ளைகளை எங்கே வைப்பது?

கேரவனை 2,400 கிலோவுக்கு இறக்கிக்கொண்டேன். மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம், குளியலறை சின்னது. ஆனால் போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் அடிலெய்ட் வரை ஓட்டிவிட்டு வந்தோம், ஓர் இடத்திலும் வண்டி திணறவில்லை. அண்ணா, ஒரு சந்தேகம், டிரெய்லர் பிரேக்கை எவ்வளவில் வைக்கிறீர்கள்?

டல்லாஸிலிருந்து மறுபடி:

அதற்கு எண் சொல்ல முடியாது தம்பி, ஒவ்வொரு டிரெய்லருக்கும், ஒவ்வொரு சுமைக்கும் மாறும். கிளம்பும் அன்று காலையில் காலியான பார்க்கிங்கில் 25 மைல் வேகத்தில் போய்க் கை நெம்பை முழுக்க அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அதிகம், குறையுங்கள். பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நல்ல பிடி கிடைக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். பாதி வழியில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் திரும்பவும் பாருங்கள்.

டென்வர் தம்பி சொன்ன இறக்கத்துக்கு நன்றி, இந்தக் கோடையில் அந்தப் பக்கம் வரத் திட்டம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் திரும்ப வந்திருக்கிறார்கள். பழைய டைரி ஒன்றில் ஏற்றும் சாமானின் எடையை எழுதுவது இப்போது அப்பாவின் பொறுப்பு, குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். கிரைண்டர் 24, அரிசி 20, ஐஸ் பெட்டி 62 என்று வரிசையாக ஓடுகிறது. போன சனிக்கிழமை எல்லாம் ஏற்றி எடைமேடைக்குப் போனோம், டங் வெயிட்டோடு சேர்த்து 1,960 பவுண்டு. ஸ்டிக்கரில் இன்னும் 1,190 பாக்கி இருக்கிறது.