கட்டானாகதாரி நாலு எபிசோட் முடிச்சாச்சு, மேல பாக்கலாமா? (நாலாவது வரைக்கும் ஸ்பாய்லர் இருக்கு)

மழைக்காகம்:
2010ல வந்த கட்டானாகதாரிங்கிற ஜப்பான் அனிமே பாத்துட்டு இருக்கேன். ஷிகிசாகி கிகின்னு ஒரு கொல்லன் செஞ்ச 12 வாளையும் தேடி ஷிச்சிகா, தோகமேன்னு ரெண்டு பேர் ஜப்பான் முழுக்க அலையற கதை. மூணு எபிசோட் வரைக்கும் ரொம்ப பிடிச்சிருந்துச்சு, ஆனா நாலாவது பாத்ததுல இருந்து மனசே ஆறல. சபி ஹகுஹெய், ஜப்பான்லயே பெரிய வாள்வீரன் அவன்தான்னு அவ்ளோ ஏத்தி விட்டு, அடுத்த எபிசோடுக்கான முன்னோட்டத்துல எல்லாம் காட்டிட்டு, கடைசில அந்த சண்டையவே காட்டல! சண்டை முடிஞ்சப்புறம் ஷிச்சிகாவும் தோகமேவும் உக்காந்து அது எப்படி இருந்துச்சுன்னு பேசிக்கிறாங்க, அவ்ளோதான். மீதி நேரம் பூரா ஷிச்சிகா வளந்த தீவுல இருக்கிற அவன் அக்கா நனாமியும், மனிவாங்கிற நிஞ்ஜா கூட்டத்து ஆளுங்க மூணு பேரும்தான். ஒரு எபிசோட் 50 நிமிஷம் ஓடுது, அதுல முக்கால்வாசி பேச்சு. இனிமேலாவது சண்டைய ஒழுங்கா காட்டுவாங்களா? அப்புறம் அந்த பழைய ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) நாடு முழுக்க வாள பறிமுதல் பண்ண கதை, அது நிஜமா நடந்ததா கற்பனையா?

நடுச்சாம ரயில்:
தயவுசெஞ்சு இங்க நிறுத்திடாதீங்க ப்ரோ. என்னைக் கேட்டா நாலாவதுதான் இந்த சீரிஸோட முதுகெலும்பு. ஹகுஹெய் சண்டைய காட்டியிருந்தா இன்னொரு நல்ல ஃபைட் பாத்த திருப்தி கிடைச்சிருக்கும், அதோட போயிருக்கும். அதுக்கு பதிலா அவங்க காட்டுனது நனாமிய. எப்பவும் உடம்பு சரியில்லாம இருக்கிற அந்த பொண்ணு, எதிராளி வித்தைய ஒரு தடவை பாத்தாலே தன்னோடதா ஆக்கிக்கிறா, மூணு நிஞ்ஜாவையும் மூச்சு கூட வாங்காம முடிச்சிடறா. இந்த அக்கா கூடத்தான் ஷிச்சிகா இத்தனை வருஷம் அந்த தீவுல வளந்திருக்கான்னு யோசிச்சு பாருங்க, ஏழாவது எபிசோடுக்கு போறப்ப வயிறு கலங்கும், அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

பேச்சு அதிகம்னு சொல்றீங்க, சரிதான். ஆனா தோகமேவுக்கு சண்டை போடவே தெரியாது, அவளோட ஆயுதமே வாய்தான், திட்டம் போடறது, பேரம் பேசறது, பொய் சொல்றது, அதை வச்சுதான் அவ வாள் சேக்கிறா. ஷிச்சிகா பக்கம் பாத்தா குட்டித் தீவுல அப்பா, அக்கா தவிர ஆள் முகமே பாக்காம வளந்தவன், அவனையே ஒரு வாளாதான் வளத்திருக்காங்க. வாள் எதுக்கு யோசிக்கணும், யார வெட்டறோம்னு எதுக்கு கவலப்படணும்? முதல் ரெண்டு எபிசோட்ல அவன் கொல்றப்ப முகத்துல ஒண்ணுமே இருக்காது, கவனிச்சீங்களா? அந்த முகம் மாறறதுதான் கதை, அது மாறறது அவ கூட நடந்து நடந்து பேசிப் பேசித்தான்.

திண்ணைவாசகி:
வரலாறு கேள்விக்கு நான் சொல்றேன். வாள் பறிமுதல் நிஜம். 1588ல அப்ப ஜப்பான ஆண்ட டொயொடொமி ஹிதெயோஷி உத்தரவு போட்டு விவசாயிங்க கிட்ட இருந்த வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாத்தையும் பிடுங்கினார். சும்மா பிடுங்கலை, கியோட்டோவுல கட்டற பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியும் கொக்கியும் செய்யறோம், இந்த ஜென்மத்துக்கும் அடுத்த ஜென்மத்துக்கும் புண்ணியம்னு காரணம் வேற. உண்மையான நோக்கம் கிராமத்துல கலகம் வரக்கூடாது, சாமுராய் வேற விவசாயி வேறன்னு கோடு கிழிக்கணும். பாவம், அந்த புத்தர் சிலை 1596 நிலநடுக்கத்துல உடைஞ்சே போச்சு. அனிமேல ஆட்சி பண்றது ஓவாரி ஷோகுன் ஆட்சி, அப்படி ஒண்ணு வரலாற்றுல கிடையாது, ஆனா ஹிதெயோஷி பிறந்தது ஓவாரி மாகாணத்துலதான், இப்ப நகோயா இருக்கிற பக்கம். ஷிகிசாகி கிகியும் 12 வாளும் முழுக் கற்பனை.

இன்னொண்ணு, ஹகுஹெய் சண்டை நடக்கிற இடம் கான்ர்யூ தீவு. 1612ல மியமோட்டோ முசாஷியும் சசாகி கொஜிரோவும் மோதினதா சொல்ற அதே தீவு, ஜப்பான்ல வாள் சண்டைன்னாலே முதல்ல ஞாபகம் வர்ற இடம். அந்த இடத்துல வச்சுட்டு காட்டாம விட்டாங்கன்னா வேணும்னேதான் செஞ்சிருக்காங்க. பின்னாடி தெந்தோன்னு ஒரு ஊர் வரும், அங்க எல்லாரும் ஷோகி (ஜப்பானிய சதுரங்கம்) ஆடுவாங்க, நிஜத்துலயும் ஜப்பான்ல செய்யற ஷோகி காய்ல பெரும்பகுதி அந்த ஊர்லதான் செய்யறாங்க. இப்படி ஊர் ஊரா பாத்து பாத்து வச்சிருக்கிறது எனக்கு ரொம்ப பிடிக்கும்.

பனங்காட்டான்:
நான் கொஞ்சம் மாறுபடறேன். நாலாவது எபிசோட் நல்லா இருக்குங்கிறது சரி, ஆனா பாக்கிறவன ஏமாத்தினதும் உண்மைதான், கோவம் வர்றது நியாயம். மனிவா நிஞ்ஜாக்கள் வர்ற காட்சில பாதி எனக்கு இழுவையாதான் பட்டுச்சு, ஒருத்தன அறிமுகம் பண்றாங்க, அவன் மேல பிடிப்பு வர்றதுக்குள்ள செத்துடறான். ஆனாலும் பாருங்கன்னுதான் சொல்வேன், ஒரே மூச்சுல மட்டும் வேணாம். நிசியோ இசின் இத நாவலா எழுதினப்ப 2007ல மாசம் ஒரு புத்தகம்னு 12 வந்துச்சு, வொயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோ அனிமேவா எடுத்தப்பவும் 2010 ஜனவரில இருந்து டிசம்பர் வரைக்கும் மாசம் ஒரு எபிசோட்தான். கதையும் மாசம் ஒரு வாள்னுதான் நகருது. ராத்திரி நாலு எபிசோட் சேத்துப் போட்டா பேச்சு எல்லாம் காதுல ஒரே மாதிரி விழும், வாரத்துக்கு ஒண்ணு பாத்தா ஒவ்வொரு ஊரும் தனியா மனசுல நிக்கும். முடிவு பாட்ட ஸ்கிப் பண்ணாதீங்க, எபிசோடுக்கு ஒண்ணு வேற வேற பாட்டு. இவசாகி டாகுவோட பின்னணி இசை பத்தி தனி த்ரெட்டே போடலாம்.

மழைக்காகம்:
நன்றி எல்லாருக்கும். கான்ர்யூ தீவு விஷயம் தெரியாது, அத படிச்சதும் நாலாவத திரும்ப பாக்கணும்னு தோணுது. இந்த வாரம் அஞ்சாவது போடறேன். சண்டை பத்தி மட்டும் யாராவது சொல்லுங்க, வருமா வராதா?

நடுச்சாம ரயில்:
வரும் ப்ரோ, கடைசி எபிசோட்ல போதும் போதும்ங்கிற அளவுக்கு வரும். வாளுக்கு ஒரு கீறல் கூட விழக்கூடாதுன்னு தோகமே ஷிச்சிகாவுக்கு போட்ட கட்டளை இருக்குல்ல, அத மட்டும் மறக்காம போங்க. பன்னெண்டாவது முடிச்சுட்டு இங்க வந்து எழுதுங்க, அதுவரைக்கும் விக்கி பக்கம் எதையும் திறக்காதீங்க.