வடக்குத்தெரு வீடு (குடும்ப வாட்ஸ்அப் குழு): வாய்க்காமேட்டு ஒன்பது மா

(ராஜு, வசந்தா, மோகன் உடன்பிறந்தவங்க. செல்வி ராஜு பொண்ணு. கலா மோகன் மனைவி, அருண் அவங்க பையன். பிரபு வசந்தா பையன்.)

*ஞாயிறு, காலை 7:42*

ராஜு: எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்தாரு. நம்ம வாய்க்காமேட்டு வயல் 9 மாவையும், அதான் மூணு ஏக்கரையும், மொத்தமா கேக்கறாங்களாம். பனங்குடியில புது எண்ணெய் ரிஃபைனரி வேலை நடக்கறப்ப லாரி நிறுத்த, குடோன் போட இடம் வேணுமாம். விலை நல்ல விலை. தீபாவளிக்குள்ள பதில் சொல்லணும்.

அருண்: எவ்ளோ பெரியப்பா?

ராஜு: குழுவுல வேணாம். நேர்ல சொல்றேன்.

பிரபு: நம்ம வீட்டு ஆளுங்கதானே இருக்கோம் பெரிய மாமா

கலா: மாமா அட்வான்ஸ் ஏதும் வாங்கிடலையே

ராஜு: இல்லம்மா.

கலா: சரி

செல்வி: அப்பா, மாரியப்பன் அண்ணன்கிட்ட சொன்னீங்களா? சம்பா நட்டு முழுசா ஒரு மாசம் ஆகல

ராஜு: விலை படியட்டும், அப்புறம் சொல்லலாம்.

செல்வி: முப்பது வருஷமா குத்தகை பண்றவரு. அவருக்குத்தான் முதல்ல தெரியணும்

அருண்: பெரியப்பா, வித்தா அந்தப் பணத்தை எண்ணெய் கம்பெனி ஷேர்ல போடலாம். ரிஃபைனரி வருஷத்துக்கு 90 லட்சம் டன். வந்துச்சுன்னா ஷேர் எங்கயோ போயிடும்

கலா: நீ முதல்ல பைக் லோனை முடி

*காலை 8:20*

மோகன் (குவைத்): எல்லாரும் பொறுமையா படிங்க. ராத்திரி டூட்டி முடிச்சு இப்பதான் ரூமுக்கு வந்தேன். நரிமணத்துல பழைய ரிஃபைனரி 1993ல வந்தப்ப 5 லட்சம் டன்தான். அப்பவும் ஊர்ல எல்லாரும் நாகை துபாய் ஆயிடும்னாங்க. டீக்கடை நாலு கூடுச்சு, அவ்வளவுதான். புது ரிஃபைனரிக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினது 2021 பிப்ரவரி 17. அப்ப 31,500 கோடித் திட்டம். அடிக்கல்லுக்கும் எண்ணெய்க்கும் நடுவுல எத்தனை வருஷம் போவும்னு புரோக்கருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. 2017ல கடலூர், நாகை ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து 45 கிராமத்தைப் பெட்ரோ கெமிக்கல் மண்டலம்னு அரசாணை போட்டாங்க. அப்பவும் இதே மாதிரி ஆளுங்க கார் போட்டுக்கிட்டு வந்தாங்க. 2020ல அந்த அரசாணையையே திரும்ப எடுத்துட்டாங்க. நம்பி முன்பணம் கொடுத்தவன் கதி என்ன?

மோகன் (குவைத்): அருண், ஷேர் விஷயம். கச்சா எண்ணெய் விலை ஏறினா லாபம் தோண்டி எடுக்கறவனுக்கு. சுத்திகரிக்கறவனுக்குக் கிடைக்கறது கச்சாவுக்கும் டீசல் பெட்ரோலுக்கும் நடுவுல நிக்கற வித்தியாசம் மட்டும்தான். அது ஒரு வருஷம் கொட்டும், மறுவருஷம் வத்திடும். தோண்டறவனையும் அரசாங்கம் சும்மா விடல. 2022 ஜூலைல கூடுதல் லாபத்துக்குத் தனி வரி போட்டாங்க, 2024 டிசம்பர்லதான் எடுத்தாங்க. ஊர்ல ரிஃபைனரி வருதுங்கறதுக்காக ஷேர் வாங்கக் கூடாது.

அருண்: சரிப்பா

பிரபு: சின்ன மாமா டைப் பண்றதுக்குள்ள ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டேன்

வசந்தா: யார் வீட்டு இட்லி

பிரபு: அம்மா நீ சுட்டதுதான்

மோகன் (குவைத்): சிரிங்க. 2014 நடுவுல கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலருக்கு மேல வித்துச்சு. 2016 ஜனவரில 30க்கும் கீழ வந்துச்சு. எங்க கேம்ப்ல ஒரே நாள்ல நாப்பது பேரைக் கூப்பிட்டுக் கவர் கொடுத்தாங்க. என் கவரை நான் பிரிச்சே பாக்கல, வெளியவே தெரிஞ்சுது. எட்டு மாசம் வீட்டுல இருந்தேன். கலா வளையல் எங்க போச்சுன்னு இந்தக் குழுவுல யாரும் கேக்கல.

கலா: அதெல்லாம் எதுக்கு இப்ப

மோகன் (குவைத்): எதுக்குன்னா, எண்ணெய்க் காசை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. இந்தக் குவைத்தே நம்பல. 1976லேயே வருமானத்துல பத்துல ஒரு பங்கை எடுத்து, அடுத்த தலைமுறைக்குன்னு தனி நிதியா வெளிநாட்டுல போட ஆரம்பிச்சிட்டாங்க. கிணறு வத்தினா பிள்ளைங்களுக்கு வேணும்னு. நமக்கு 9 மாதான் அந்த நிதி.

செல்வி: 👏

ராஜு: மோகன், நீ அங்க இருந்து எழுதிடுவ. இங்க வரப்பு வெட்ட ஆள் கிடைக்கல. மேட்டூர் தண்ணி ஜூன் 12 திறந்தா கடைமடைக்கு எப்ப வருதுன்னு உனக்குத் தெரியாதா? வருஷத்துக்கு எத்தனை மூட்டை குத்தகை வருதுன்னு மாரியப்பனைக் கேளு.

பிரபு: அந்த நெல்லு திருச்சியில எங்க வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு

ராஜு: என்ன சொல்ல வர்ற பிரபு?

பிரபு: ஒண்ணும் இல்ல மாமா. 2011 செக் மாதிரி ஆகக் கூடாதுன்னுதான்

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அருண்: 2011 என்ன?

கலா: உனக்கு வேண்டாம்

செல்வி: எண்ணெய்க் குழாய் உடைஞ்ச வருஷம் அருண். நீ சின்னப் பையன். காலையில மடை பாக்கப் போனா தண்ணி மேல வானவில் மாதிரி படலம், அடியில கறுப்பு. பயிரைத் தொட்டா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும், சோப்பு போட்டாலும் போவாது. மூணு மா போச்சு. கம்பெனிக்காரங்க வந்து மேல்மண்ணை வழிச்சிட்டு ஒரு போகத்துக்கு நஷ்டஈடு கொடுத்தாங்க. அடுத்த ரெண்டு போகமும் அந்த இடத்துல கதிர் பதராத்தான் வந்துச்சு

ராஜு: செக் என் பேர்ல வந்துச்சு. அந்தப் பணத்துலதான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரசீது இருக்கு. வேணும்னா ஃபோட்டோ போடறேன்.

மோகன் (குவைத்): அண்ணே விடுங்க. யாரும் கேக்கல.

ராஜு: கேட்டாச்சு.

*காலை 9:55*

செல்வி: அப்பா, நான் இங்க காரைக்கால்ல ஆடிட்டரைக் கேட்டேன். கிராமத்து விவசாய நிலம்னா வித்த லாபத்துக்கு வருமான வரி இல்ல. ஆனா நகராட்சி எல்லைலேருந்து தூரம் பாக்கணும். நாகை 2011 கணக்கெடுப்புல ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. அதனால 6 கிலோமீட்டருக்குள்ள இருந்தா வரி உண்டு

அருண்: நம்ம வயல் நாகைலேருந்து பத்துக்கு மேல இருக்கும்ல

செல்வி: நாகூரும் நாகை நகராட்சிக்குள்ளதான். அளக்கறது ரோட்டுக் கணக்குல இல்ல, நேர்கோட்டுல

பிரபு: அப்ப உள்ள வந்துடும் போலயே

செல்வி: அதான் தாசில்தார் ஆபீஸ்ல சான்று வாங்கணும். உள்ள வந்தா லாபத்துல 12.5 சதவீதம், அல்லது விலைவாசி ஏத்தத்தைக் கழிச்சு 20 சதவீதம். எது கம்மியோ அதைக் கட்டலாம். சித்தப்பா வெளிநாட்டுல இருக்கறதால அவர் பங்குக்கு அந்த ரெண்டாவது வழி கிடையாது

மோகன் (குவைத்): இது எனக்கே புதுசு.

அருண்: ராஜு பெரியப்பா சொன்ன தாம்பரம் பிளாட் என்ன ஆச்சு? அப்பா 2012ல பணம் அனுப்பினாரே

கலா: அருண்!

ராஜு: அது அப்ரூவல் இல்லாத மனைன்னு எனக்கு அப்ப எப்படித் தெரியும்? எல்லாரும் வாங்கினாங்க. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் பதிவைத் தடுக்கற வரைக்கும் யாருக்கும் தெரியல. வரன்முறைப்படுத்தப் பணம் கட்டியாச்சு. இன்னும் இருக்கு.

மோகன் (குவைத்): மனை இருக்கு அண்ணே. ரோடுதான் இல்ல.

கலா: அந்தக் காசுல தங்கம் வாங்கியிருந்தா

பிரபு: எல்லாரும் ஒண்ணு மறந்துட்டீங்க. பட்டா இன்னும் தாத்தா பேர்லதான். அம்மா கையெழுத்து இல்லாம எதுவும் நடக்காது

ராஜு: வசந்தாவுக்கு 1986லயே நகை, பாத்திரம், சீர் எல்லாம் செஞ்சாச்சு. அப்பா இருக்கறப்பவே சொல்லிட்டாரு.

செல்வி: அப்பா, சீர் வேற பங்கு வேற. 1989ல பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு நம்ம மாநிலச் சட்டம் வந்தப்ப அதுக்கு முன்னால கல்யாணம் ஆனவங்களை விட்டுட்டாங்க. 2005 மத்திய சட்டத் திருத்தத்துல அந்த வித்தியாசம் போயிடுச்சு. தாத்தா 99லயே இறந்துட்டாரேன்னு கேப்பீங்க. 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அதையும் தெளிவாச் சொல்லிடுச்சு, 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்ல. நமக்குப் பாகம் பிரிக்கவே இல்லையே

ராஜு: எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா?

செல்வி: நானும் பொண்ணுதானேப்பா

*காலை 10:31*

மோகன் (குவைத்): செல்வி சொல்றது சரி. அக்கா, நீ என்ன நினைக்கறன்னு எழுது. நீ எழுதற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல.

அருண்: அத்தை டைப்பிங்னு காட்டுது

அருண்: நின்னுடுச்சு

பிரபு: கண்ணாடி தேடறாங்க

வசந்தா: அண்ணே நான் உன்கிட்ட எப்பவும் கேட்டது இல்ல. கண் ஆபரேஷனுக்கு நீ செலவு பண்ணினது எனக்குத் தெரியும். பிரபு பேசினதுக்கு நான் அவனைக் கண்டிச்சிட்டேன். ஆனா என் 3 மா எதுன்னு எனக்குக் காட்டு. வரப்பு போட்டு, என் பேர்ல பட்டா. அதுக்கப்புறம் விக்கறதா வச்சுக்கறதான்னு நான் சொல்றேன். பணமா வேண்டாம், முதல்ல நிலமா காட்டு

கலா: அண்ணி 🙏

செல்வி: அத்தை ❤️

மோகன் (குவைத்): அண்ணே?

*காலை 11:48*

ராஜு: நாளைக்கு சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வில்லங்கம் போடறேன். வாரிசுச் சான்று பழசு எங்க இருக்குன்னு பாக்கணும். வாய்க்கா ஓரம் மூணு மா வசந்தாவுக்கு நல்லா இருக்கும். தண்ணி முதல்ல பாயும்.

வசந்தா: குழாய் உடைஞ்ச மூணா?

ராஜு: இல்லம்மா. அது மேலக்கோடி. அதை நான் வச்சுக்கறேன்.

மோகன் (குவைத்): புரோக்கருக்கு என்ன சொல்லப் போறீங்க?

ராஜு: தீபாவளி போகட்டும்.

அருண்: தீபாவளிக்குள்ளன்னு சொன்னாரே

கலா: அதிரசத்துக்கு மாவு இடிக்க யார் வர்றீங்க. செல்வி நீ எப்ப வர்ற

செல்வி: வெள்ளிக்கிழமை சித்தி. பாகு நீங்க எடுங்க, போன வருஷம் என்னுது கல்லாயிடுச்சு

பிரபு: எங்களுக்கு ஒரு டப்பா

கலா: மாமா, இங்க மழை பிடிச்சுக்கிச்சு. வயல்ல தண்ணி வடிய மடை திறந்திருக்கா?

ராஜு: மாரியப்பன் போன் எடுக்கல. நான் வண்டியை எடுத்துட்டுப் போறேன். அப்படியே அவன்கிட்டயும் சொல்லிடறேன்.

செல்வி: குடை எடுத்துக்குங்கப்பா

பிரபு: பெரிய மாமா, விலை எவ்ளோன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே