உதவி: 6, 8 போட்டால் கர்ணம் 10.2 வருகிறது

மல்லிகைப்பந்தல்:
மகள் எட்டாம் வகுப்பு. 6 செ.மீ, 8 செ.மீ பக்கங்களில் செங்கோண முக்கோணம் வரைந்து கர்ணத்தை அளக்கணும். கோணமானியில் 90 பார்த்துத்தான் புள்ளி வைக்கிறாள். எப்போது அளந்தாலும் 10.2. ஸ்கேலை மாற்றியும் பார்த்தாச்சு. மூலைமட்டம் தொலைந்துவிட்டது. எங்கே கோளாறு?

ரஃப்நோட்டு:
கோணமானியின் அடி விளிம்பைக் கோட்டில் வைக்கிறாளா? அதற்கு மேலே அச்சடித்த 0 கோட்டைத்தான் வைக்கணும்.

செவ்வகம்:
30, 60 என்றால் அது சரி. 90-க்கு அந்தத் தப்பு பாதிக்காது. கோணமானி நேராக மேலே ஏறினாலும் 90 குறி மூலைக்கு நேர் மேலேதான் நிற்கும். இது பக்கவாட்டில் நகர்ந்த கேஸ். கர்ணம் 10.2 என்றால் கோணம் 92 டிகிரியைத் தாண்டிவிட்டது. 5 செ.மீ ஆரமுள்ள கோணமானியில் நடுப்புள்ளி 2 மி.மீ விலகினாலே இவ்வளவு வரும்.

காம்பஸ் இருக்கில்ல? 6 செ.மீ கோடு ஏபி போட்டு, ஏ-க்குப் பின்னாலும் நீட்டுங்க. ஏ-யில் முள்ளை ஊன்றி இரண்டு பக்கமும் ஒரே அளவில் கோட்டை வெட்டுங்க. காம்பஸை இன்னும் அகலமா விரிச்சு, வெட்டிய இரண்டு இடத்திலிருந்தும் மேலே வில் போடுங்க. வில்கள் வெட்டும் இடத்தை ஏ-யோடு சேர்த்தால் செங்குத்து. வெட்டுமிடம் 8 செ.மீ.க்கு மேலே விழுந்தால் கோடு பிசகாது.

ரஃப்நோட்டு:
ஏ-யிலிருந்து 8, பி-யிலிருந்து 10 வில் போட்டால் ஒரு நிமிஷ வேலைதானே?

செவ்வகம்:
10-ஐ வைத்து வரைஞ்சுட்டு, அளந்தேன் 10 வந்துச்சுன்னு எழுதவா? நாளைக்கு 5, 7 கொடுத்தா?

மல்லிகைப்பந்தல்:
ஏ தாளின் ஓரத்திலேயே இருக்கு சார். பின்னால் நீட்ட இடமில்லை.

செவ்வகம்:
அப்போ அரைவட்டம். கோட்டுக்கு மேலே, பி பக்கம் கொஞ்சம் தள்ளி, 4 செ.மீ.க்கு மேல் உயரத்தில் ஒரு புள்ளி ஓ. அங்கே முள்ளை ஊன்றி, பென்சில் ஏ-யைத் தொடும்படி வட்டம். முழுசா வேண்டாம், ஏபி-யை மறுபடி வெட்டும் இடமும் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் போதும். வெட்டிய இடத்திலிருந்து ஓ வழியாக ஸ்கேல் வைத்து எதிர்ப்பக்கம் வரை இழுங்க. அந்த முனையை ஏ-யோடு சேர்த்தால் 90. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்தான், ஓ எங்கே இருந்தாலும்.

மல்லிகைப்பந்தல்:
10 வந்துடுச்சு! 5, 7-க்கும் போட்டுப் பார்த்தாள், 8.6.

ரஃப்நோட்டு:
74-இன் வர்க்கமூலம். சரியா இருக்கு.