ஜப்பான் சப்போரோ பனித் திருவிழா போனவங்க வாங்க: மனசை விட்டுப் போகாத ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க

உறைபனி ராஜா:

சிலை, லைட்டு, போட்டோ எல்லாம் ஆளாளுக்குப் போட்டாச்சு. அதை விடுங்க. திருவிழா நடக்கிற ஓதோரி பார்க்குக்கு வடக்கே, எகிமாயே தோரி ரோட்டுல ஒரு ஜீப்ரா கிராஸிங். பச்சை விழுந்ததும் கூட்டம் இறங்குது. ஒரு டூரிஸ்ட் கும்பல், முதல் வெள்ளைக் கோட்டுல கால் வச்ச மூணு பேர் அடுத்தடுத்து மல்லாக்க விழறாங்க. பக்கத்துலயே ஹீல்ஸ் வச்ச பூட்ஸ் போட்ட உள்ளூர் பொண்ணு போன் பேசிக்கிட்டே கடந்து போகுது.

அந்தக் கோடு ஏன் அப்படி வழுக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. ஆணி பதிச்ச டயர் ரோட்டைச் சுரண்டி ஊரெல்லாம் தூசி கிளப்புதுன்னு 1990ல ஜப்பான்ல சட்டம் போட்டுத் தடுத்தாங்க. இப்ப எல்லாம் ஆணி இல்லாத குளிர்கால டயர். சிக்னல்ல வண்டி பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் அந்த ரப்பர் பனியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடி ஆக்கிடுது. வண்டிச் சூட்டுல லேசா உருகி, திரும்ப உறையுது. பெயின்ட் அடிச்ச இடத்துல தண்ணி கீழே இறங்க வழியே இல்ல, அதனால வெள்ளைக் கோடுதான் மோசம். இதே கதைதான் பஸ் ஸ்டாப், டாக்ஸி நிக்கிற இடம், பார்க்கிங்ல இருந்து வண்டி நடைபாதையைக் கடக்கிற இடம், சப்வே வாசல் எல்லாத்துலயும். மத்த இடம் இதைவிடப் பரவாயில்ல, ஆனா அங்கயும் கவனமா நடங்க.

முனைகள்ல ஒரு பெட்டி நிக்கும், உள்ள சின்னச் சின்னப் பொட்டலமா பொடிக்கல் இருக்கும். அது யார் வேணாலும் எடுத்துப் பிரிச்சுத் தூவத்தான். ஒரு வயசான அம்மா பொட்டலத்தைப் பிரிச்சுத் தன் காலுக்கு முன்னாடி தூவிட்டு, மீதியைப் பின்னால வர்றவங்களுக்காக வீசிட்டுப் போனாங்க. டூரிஸ்ட் யாரும் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

டிகிரி காபி:

ராஜா அண்ணே, பொடிக்கல்லை நம்பி யாரும் கிளம்பிடாதீங்க. விஷயம் ஷூவுல இருக்கு.

ஸ்டேஷன் கடையிலயும் கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயும் ஷூ மேல மாட்டுற ரப்பர் பட்டை விப்பாங்க, அடியில உலோக முள்ளு இருக்கும். பாதி டூரிஸ்ட் அதைத்தான் வாங்குறாங்க. ரோட்டு ஐஸ்ல நல்லாப் பிடிக்கும். ஆனா சப்வே படிக்கட்டு இறங்கி டைல்ஸ் தரையில கால் வச்சா முள்ளு மட்டும்தான் தரையைத் தொடும், ரப்பர் தொடாது. ஐஸ்ல விழாதவன் அங்க விழுவான். ஒவ்வொரு வாசல்லயும் கழட்டி மாட்டணும். பத்து பேர் குரூப்னா ஒவ்வொரு கடை வாசல்லயும் அஞ்சு நிமிஷம் போச்சு. குதிகால் பக்கம் ரப்பர் நழுவி, பனிக்குள்ள விழுந்தது தெரியாமலே நடப்பாங்க.

டிரெக்கிங் ஷூ போதும்னு சொல்றவங்களுக்கு: அதோட ரப்பர் பெரும்பாலும் கெட்டி, குளிர்ல இன்னும் விறைச்சுப் போகும். ஆழமான பள்ளம் வச்ச அடிப்பாகம் புதுப்பனிக்குத்தான் லாயக்கு. கண்ணாடி ஐஸுக்கு மென்மையான ரப்பர் வேணும், தரையில படுற பரப்பு அதிகமா இருக்கணும். சப்போரோ ஷூ கடையில உள்ளூர் ஆளுங்களுக்குன்னே விக்கிற பூட்ஸ்ல ரப்பருக்குள்ள பொடி நார் கலந்திருப்பாங்க. சிலதுல மடக்கி வைக்கிற முள்ளும் இருக்கும், வெளியே போகும்போது திருப்பிக்கலாம். போன முதல் நாளே அதை வாங்கிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு சிக்கல்: ஆம்பளை சைஸ் 28 சென்டிமீட்டருக்கு மேல சாதாரணக் கடையில சுலபமாக் கிடைக்காது. பெரிய பாதம்னா ஊர்லயே பார்த்துக்கோங்க.

நடை: கையை பாக்கெட்ல விடாதீங்க. அடி சின்னதா, பாதம் முழுசா ஒரே நேரத்துல தரையில பட்டு, உடம்பு லேசா முன்னால சாஞ்சு. குதிகாலை முதல்ல ஊன்றினா விழுந்தாச்சு. பச்சை அணையப் போகுதுன்னு ஓடவே ஓடாதீங்க.

வெயில்நேசன்:

ஷூ புராணம் போதும் ப்ரோ. அங்க குளிரை விடப் பெரிய தொல்லை வேர்வை. பிப்ரவரியில சப்போரோவோட சராசரி மைனஸ் 3 பக்கம்தான். ஆனா கடைக்குள்ள, ரயிலுக்குள்ள 20க்கு மேல ஹீட்டர் ஓடும். டிவி டவர் லிஃப்ட் வரிசையில பார்த்த ஒரு காட்சி: ரெண்டு தெர்மல், ஸ்வெட்டர், மலையேறுற ஜாக்கெட், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. முகம் சிவந்து, நெத்தி வழிஞ்சு, கழட்டவும் முடியாம நிக்கிறாரு ஒருத்தர். வெளியே வந்த பத்தாவது நிமிஷம் அதே ஆளு வெடவெடன்னு நடுங்குறாரு. உள்ளே ஊறின பருத்தி பனியன்தான் காரணம். பருத்தி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், காய வைக்காது.

உடம்போட ஒட்டுறது கம்பளி இல்லன்னா பாலியஸ்டர். நடுவுல ஒரு ஃப்ளீஸ். வெளியே காத்தைத் தடுக்கிற, முன்னால முழு ஜிப் வச்ச கோட்டு. தலை வழியா மாட்டுற ஸ்வெட்டர் வேண்டாம், கூட்டத்துல கழட்ட முடியாது. ஜீன்ஸ் நனைஞ்சா அன்னிக்குப் பூரா காயாது. கழுத்து, காது, மணிக்கட்டு மூடியிருந்தா மீதி தானா சமாளிச்சிடும். குடை தேவையில்ல, பொடிப்பனிதான் விழும். வாசல்ல நின்னு தட்டிவிட்டுட்டு உள்ள போங்க. தட்டாம போனா அது உள்ளே உருகி கோட்டை நனைக்கும்.

சூட்டுப் பொட்டலம் கைரோ வாங்குவீங்க. உள்ள இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், ஈரம். காத்துப் பட்டா இரும்பு துருப்பிடிக்கிற சூடுதான் அது. கைக்கானதை ஷூவுக்குள்ள வச்சா காத்து பத்தாம செத்துடும், காலுக்குன்னு தனியா இருக்கு. தோல்ல நேரா ஒட்டாதீங்க. 44 டிகிரி சூடுகூட மணிக்கணக்கா ஒரே இடத்துல பட்டா வெந்துடும், வலியும் தெரியாது. தூங்கும்போது கண்டிப்பாக் கூடாது.

சி-கா-ஹோ தெரியாமலே திரும்பி வந்தவங்க எத்தனை பேர்! சப்போரோ ஸ்டேஷன்ல இருந்து ஓதோரி வரைக்கும் 520 மீட்டர் நிலத்தடி நடைபாதை, 2011ல திறந்தது. அங்கிருந்து போல் டவுன்ங்கிற நிலத்தடிக் கடைவீதி வழியா, ஐஸ் சிலை வைக்கிற சுசுகினோ வரைக்கும் மேல வராமலே போயிடலாம். ராஜா சொன்ன அந்த கிராஸிங்கை மிதிக்கவே வேண்டாம். டாய்லெட்டும் கீழதான், பார்க்ல வரிசை நிக்காதீங்க.

சிற்பி மகன்:

"சிலையை விடுங்க"ன்னு ஆரம்பிச்ச ராஜாவுக்கு ஒண்ணு சொல்லணும். நீங்க எல்லாரும் போறது ராத்திரி. காலை ஏழு மணிக்குப் போங்க. ராத்திரி விழுந்த பனி சிலைகளோட கண்ணு, மூக்கு எல்லாத்தையும் மூடியிருக்கும். சாரத்துல ஒருத்தர் ஏறி, நீளக் கம்பு கட்டின பிரஷ்ஷால அந்த முகத்தை மெதுவாத் துடைப்பார். அழுத்தித் துடைச்சா மூக்கு போயிடும், விட்டுவிட்டா முகம் தெரியாது. பார்க்ல ஈ காக்கா இருக்காது. அதைப் பார்க்காம திருவிழா பார்த்தேன்னு சொல்லாதீங்க.

1950ல உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைங்க ஓதோரியில ஆறு சிலை செஞ்சு வச்சதுல ஆரம்பிச்ச விஷயம் இது. 1955ல ஜப்பானோட ராணுவமான தற்காப்புப் படை வந்த பிறகுதான் ராட்சச சிலைகள். 1972 குளிர்கால ஒலிம்பிக் சப்போரோவுல நடந்ததும் உலகத்துக்குத் தெரிஞ்சுது. 1974ல இருந்து வெளிநாட்டு அணிகளோட போட்டியும் உண்டு, அது ஓதோரி பார்க்கோட 11வது பிளாக்ல.

பெரிய சிலைன்னா 15 மீட்டர் உயரம் வரைக்கும் போகும். ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு வேலை தொடங்கும், ஏறத்தாழ ஒரு மாசம். நகரத்துப் பனியில மண்ணும் கரியும் கலந்திருக்கும்னு ஊருக்கு வெளியே இருந்து சுத்தமான பனியை லாரியில ஏத்தி வருவாங்க. அழுக்குப் புள்ளி வெயிலை இழுத்து அந்த இடத்துல மட்டும் குழி விழ வைக்கும். பலகையால பெட்டி கட்டி, பனியைக் கொட்டி மிதிச்சு இறுக்குவாங்க. பலகையை எடுத்ததும் கோடரி, மண்வெட்டியால பெருவெட்டு, அப்புறம் உளி. ஜன்னல், தூண் மாதிரி நுணுக்கமான பாகத்தை அச்சுல தனியா வார்த்து, பனியில தண்ணி கலந்த கூழை வச்சு ஒட்டுவாங்க. கடைசியில மேல வெள்ளைப் பனியைப் பூசுவாங்க, கட்டடத்துக்கு சுண்ணாம்பு பூசுற மாதிரி. வெப்பம் பூஜ்யத்தைத் தாண்டுச்சுன்னா முதல்ல கெடுறது அந்தப் பூச்சுதான், தெற்கு பார்த்த முகம் சீக்கிரம் மழுங்கும். அதனால திருவிழா முதல் ரெண்டு நாள்லயே பார்த்துடுங்க. கடைசி நாள் போறவன் பாதிச் சிலைதான் பார்ப்பான்.

முடிஞ்ச மறுநாளே ஜேசிபி மாதிரி மெஷின் வந்து இடிச்சுத் தள்ளிடும். தானா உருகட்டும்னு விட்டா எந்தப் பக்கம் சரியும்னு சொல்ல முடியாது.

சாம்பார் வாளி:

சைவக்காரங்க யாராவது? குரூப்ல ரெண்டு பேர் சுத்த சைவம்.

டிகிரி காபி:

வாளி அக்கா, சூப் கறி சப்போரோவோட அடையாளம். "காய்கறி சூப் கறி"ன்னு மெனுவுல படம் போட்டிருக்கும். பெரிய வெண்டைக்காய், பூசணி, உருளை, தாமரைக்கிழங்கு எல்லாம் மேல அழகா மிதக்கும். கீழே இருக்கிற சூப்பு பெரும்பாலும் கோழி எலும்போ பன்றி எலும்போ கொதிச்சது. மேல மிதக்கிறதைப் பத்திக் கேட்காதீங்க, சூப்பைப் பத்திக் கேளுங்க. மிசோ சூப், உடோன் நூடுல்ஸ் எல்லாத்துலயும் கட்சுவோங்கிற மீனோட சாறு ஒளிஞ்சிருக்கும். "இறைச்சி வேண்டாம்"னு சொன்னா மீன் வரும். இறைச்சி, மீன், கோழி, மீன் சாறு நாலும் கூடாதுன்னு ஜப்பானிய மொழியில எழுதின அட்டையைக் காட்டுங்க.

ஓதோரி ஸ்டால்ல வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு கிடைக்கும், நல்லது. ஆனா மேல பழுப்பா எதையாவது வைக்க வந்தா கையைக் காட்டித் தடுங்க. ஊறவச்ச கணவாய்மீன் அது. சப்போரோ இருக்கிற ஹொக்கைடோ தீவுக்காரங்க அதையும் உருளையையும் சேர்த்துச் சாப்பிடுவாங்க.

வெயில்நேசன்:

அவங்க கேட்டது ஒரு வரி, காபி அண்ணன் கொடுத்தது ஒரு பக்கம். நல்ல இந்திய, நேபாள சாப்பாட்டுக் கடை நகரத்துல இருக்கு அக்கா, அதுவே நிம்மதி.

இரவுப்பறவை:

சுசுகினோ. ஐஸ் சிலை வரிசையில ஒரு கட்டி மட்டும். உள்ள முழு நண்டு, சால்மன், கணவாய், உறைஞ்ச நிலையில. பின்னால பார் விளக்கு நீலமா. நண்டோட கண்ணு நேராப் பார்க்குது.

அந்த ஐஸ் எப்படி இவ்வளவு தெளிவா இருக்குன்னா, தொழிற்சாலையில உறையும்போதே தண்ணிக்குள்ள காத்தை ஊதிக் கலக்கிக்கிட்டே இருப்பாங்க. வெளியில இருந்து உள்ள நோக்கி மெதுவா உறையும், அழுக்கும் காத்தும் நடுவுல ஒதுங்கும். அந்த நடுத்தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசா ஊத்துவாங்க. வீட்டு ஃப்ரீசர்ல நாலு பக்கமும் சடார்னு உறையறதால நடு வெள்ளையாகுது. ஓதோரி விளக்கு 10 மணிக்கு அணையும், சுசுகினோ வழக்கமா 11 வரைக்கும். அதனால ஓதோரி முதல்ல, இது பிறகு.

பாதி வழி:

ஒருத்தரும் ஆகாயத்தைப் பத்திப் பேசலையே. சப்போரோவுக்கான நியூ சிட்டோசே ஏர்போர்ட், வெளியே பனி கொட்டுது. போர்டுல ஒவ்வொரு ஃப்ளைட்டா ரத்துன்னு வரி மாறுது, ரயிலும் நிக்குது, ஜனங்க கார்ட்போர்டு விரிச்சுத் தரையில படுக்குறாங்க. ஏர்போர்ட்டுக்குள்ளேயே நாலாவது மாடியில வெந்நீர்க் குளியல் இருக்கு, நிலைமை தெரிஞ்ச ஆளுங்க முதல்ல அங்கதான் ஓடினாங்க. 2022 பிப்ரவரி 6ல சப்போரோவுல 24 மணி நேரத்துல 60 சென்டிமீட்டர் கொட்டி, ஜேஆர் ரயில் அடியோட நின்னு போனது ஞாபகம் இருக்கும். (அந்த வருஷம் திருவிழாவே ஆன்லைன்லதான்.)

அதனால ஹொக்கைடோவுல இருந்து கிளம்புற நாளும் டோக்கியோவுல இருந்து நாடு திரும்புற நாளும் ஒரே நாளா வைக்காதீங்க. நடுவுல முழுசா ஒரு நாள் விடுங்க. தனித்தனி டிக்கெட்னா ரெண்டாவது கம்பெனிக்கு உங்க தாமதம் அவங்க பிரச்சினை இல்ல. எல்லாரும் ஒரே புக்கிங்ல இருந்தா மாத்துறதும் ஒரே வரிசையில முடியும். ஏர்போர்ட்ல இருந்து ரேபிட் ரயில்ல 40 நிமிஷத்துக்குள்ள சப்போரோ.

ஹோட்டல் திருவிழா வாரத்துல ரெண்டு மூணு மடங்கு. அரை வருஷம் முன்னாடியே பிடிங்க, இல்லன்னா பக்கத்து ஊரான சிட்டோசேயிலயோ ஒதாருவுலயோ தங்கிட்டு ரயில்ல வாங்க. ஒதாரு போகும்போது வலப்பக்க ஜன்னல், கடல் ரயிலை ஒட்டியே வரும். அங்க கால்வாயில மெழுகுவர்த்தி மிதக்கவிடுற விழாவும் பெரும்பாலும் அதே சமயத்துலதான்.

திருவிழாவோட இன்னொரு இடமான ட்சுடோமுக்குப் போறவங்க சறுக்குமரத்துக்கு நேரம் பார்த்துக்கோங்க, சமீப வருஷங்கள்ல மாலை 4க்கே மூடிடுறாங்க. சகாயேமாச்சி சப்வேயில இருந்து கால் மணி நேர நடை.

உறைபனி ராஜா:

கூட்டம் பிரிஞ்சு போறது பத்தி யாரும் சொல்லல. ஓதோரியில நெரிசல் நேரத்துல நடைபாதை ஒருவழிதான், பின்னால விட்ட ஆளைத் தேடித் திரும்ப நடக்க விடமாட்டாங்க. போன்ல பிடிக்கலாம்னா பேட்டரி 40 சதவீதத்துல இருந்து அப்படியே அணையும். குளிர்ல லித்தியம் பேட்டரியோட மின்னழுத்தம் சரியும், அவ்வளவுதான், உள்ள சார்ஜ் இருக்கு. சட்டைக்கு உள்பாக்கெட்ல வச்சு சூடாக்கினா உயிர் வரும். சில்லுன்னு இருக்கும்போதே பவர் பேங்க்ல செருகாதீங்க, பேட்டரி கெடும். கேமராவை உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி ஜிப் பையில போட்டு இறுக்கி மூடுங்க. வெளியிலேயே மூடணும், உள்ள போய் மூடினா லென்ஸ்ல தண்ணி கோத்தாச்சு. சந்திக்கிற இடம் சிலைக்கு முன்னாடி வேண்டாம், ஓதோரி சப்வேயோட ஒரு எக்ஸிட் நம்பரைச் சொல்லி வைங்க.

டிகிரி காபி:

எக்ஸிட் நம்பர்னதும் ஒண்ணு. சூட்கேஸ் இழுத்துட்டு வர்றவங்க லிஃப்ட் இருக்கிற எக்ஸிட் எதுன்னு முன்னாடியே பாருங்க. நிறைய வாசல்ல படிக்கட்டு மட்டும்தான். நாலு சின்னச் சக்கரம் வச்ச பெட்டி பனியில உருளாது, பனி அடைச்சுக்கிட்டு ஏர் கலப்பை மாதிரி உழும். ரெண்டு பெரிய சக்கரம் வச்சது பரவாயில்ல. அதைவிட, ஏர்போர்ட்ல இருந்தே கூரியர்ல ஹோட்டலுக்கு அனுப்பிடலாம், மறுநாள்தான் வரும்னு கணக்கு வச்சுக்கோங்க. அன்னிக்கு ராத்திரிக்கான உள்ளாடையும் மாத்திரையும் கைப்பையில இருக்கட்டும்.

வெயில்நேசன்:

பூட்ஸும் கைப்பையில போகட்டும்னு சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணே.

டிகிரி காபி:

ஊர்லயே வாங்கின பூட்ஸ்னா கால்ல இருக்கணும் தம்பி. ஏர்போர்ட் ரயில்ல இருந்து இறங்குற சப்போரோ ஸ்டேஷன் தெற்கு வாசல்லயே டாக்ஸி வரிசை இருக்கு. டாக்ஸி நிக்கிற இடம் எப்படி இருக்கும்னு ராஜா முதல் பதிவுலயே சொல்லிட்டாரு.