தாத்தா வீடு (குழு): தம்பியின் கொரியன் கட்

ஞாயிற்றுக்கிழமை

10:42 தம்பி: (புகைப்படம்)

10:42 தம்பி: யாரும் சிரிக்கக் கூடாது.

10:43 நான்: சிரிக்கவில்லை. அது என்னடா தலையில், தேங்காய் நாரா?

10:43 தம்பி: கொரியன் கட். கமா ஹேர். முன்முடி கமா போல வளைந்து நெற்றியில் விழ வேண்டும்.

10:44 சின்ன அத்தை: கமா எங்கே இருக்கிறது? எனக்கு ஆச்சரியக்குறிதான் தெரிகிறது.

10:46 அம்மா: சலூனிலிருந்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தான். குளித்துவிட்டு வந்தான், இப்படி ஆகிவிட்டது. வியாழக்கிழமை மதுரைக் கல்யாணத்துக்கு இந்தத் தலையோடுதான் வரப்போகிறான்.

10:47 தம்பி: ஈரமாக இருந்தபோது மூக்கு நுனி வரை வந்தது அம்மா. காய்ந்ததும் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் ஏறிவிட்டது.

10:49 பெரியப்பா: காதுக்கு மேலே ஒன்றுமே இல்லையே. எலி கடித்ததா?

10:49 தம்பி: அதுதான் டூ பிளாக், பெரியப்பா.

10:50 பெரியப்பா: பிளாட் போட்டு விற்கிற இடம் போல இருக்கிறது.

10:52 நான்: கொரியாவில் இருப்பவரையே கேட்போம். அண்ணா, சுவோனில் இருந்துகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

11:05 சுவோன் அண்ணன்: துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி, சலூனில் என்ன சொன்னாய்?

11:06 தம்பி: போனில் படத்தைக் காட்டினேன். "கொரியன் கட்தானே, தினம் பத்துப் பேருக்குப் போடுகிறேன்" என்றார்.

11:09 சுவோன் அண்ணன்: அவர் போட்டது ஃபேட். கீழே மொட்டை, மேலே போகப் போக அடர்த்தி. டூ பிளாக் அப்படி இல்லை. காதைச் சுற்றியும் பிடரியிலும் ஒரே அளவில் மெஷின் ஓட்டுவார்கள், ஆறு மில்லி அல்லது ஒன்பது மில்லி. அதற்கு முன்பே மேல்முடியைக் கிளிப் போட்டுத் தூக்கிவிடுவார்கள், மெஷின் அதைத் தொடாது. கிளிப்பை எடுத்ததும் மேல்முடி தாழ்வாரம் போல இறங்கி, வெட்டிய இடத்தை மூடிக்கொள்ளும். கலைத்துப் பார்த்தால்தான் உள்ளே வெட்டியிருப்பதே தெரியும்.

11:10 சின்ன அத்தை: மூடத்தான் போகிறார்கள் என்றால் எதற்கு வெட்ட வேண்டும்?

11:13 சுவோன் அண்ணன்: இங்கே பலருக்கு முடி நேராக, தடிமனாக இருக்கும் அத்தை. காதுக்கு மேலே கீழ்நோக்கி விழாது, பிரஷ் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முகம் அகலமாகத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தில் எடுத்துவிடுகிறார்கள். அதுவும் போதாதென்று டவுன் பெர்ம் வேறு. பக்க முடியில் மருந்து தடவி, மேலே தாளை ஒட்டி, பத்து நிமிடம் அழுத்தி வைப்பார்கள். அப்படியே மண்டையோடு படிந்துவிடும். ஒரு மாதம் ஓடும், அப்புறம் புதிதாக முளைப்பது மறுபடி நீட்டிக்கொள்ளும்.

11:14 சின்ன அத்தை: நாம் தேங்காய் எண்ணெயில் செய்கிற வேலை.

11:14 சுவோன் அண்ணன்: நான் போகிற கடையில் அந்த வேலைக்கு 30,000 வொன்.

11:15 பெரியப்பா: நம் பணத்தில்?

11:15 சுவோன் அண்ணன்: 1,800 ரூபாய் வரும் அப்பா. வெறும் முடிவெட்டு 20,000 வொன், 1,200 ரூபாய். வெட்டி முடித்துத் தலை அலசிவிடுவதும் அதில் சேர்த்திதான். டிப்ஸ் கிடையாது.

11:16 பெரியப்பா: நீ ஊருக்கு வரும்போது இங்கே வெட்டிக்கொள்.

11:20 தம்பி: அதெல்லாம் சரி அண்ணா, என் கமா ஏன் நிற்கவில்லை?

11:25 சுவோன் அண்ணன்: உனக்கு நம் வீட்டுச் சுருட்டை. ஈரத்தில் முடி தளர்ந்து நீளும். காயும்போது எந்த வடிவில் இழுத்துப் பிடித்திருக்கிறோமோ அந்த வடிவில் நிற்கும். சலூனில் டிரையரும் சீப்பும் வைத்து நேராக்கிக் காட்டியிருப்பார். அதில் தண்ணீர் பட்டால் போச்சு, பழைய சுருட்டை வந்துவிடும். குளிக்கக்கூட வேண்டாம், நம் ஊர் வியர்வையே போதும்.

11:26 தம்பி: கொரியாக்காரர்கள் குளிப்பதே இல்லையா?

11:29 சுவோன் அண்ணன்: படத்தில் இருப்பவனுக்கும் அது தானாக வளையவில்லை. நேர் முடியைச் சூடான இரும்பில் சுருட்டி, நுனியைக் கண் பக்கம் திருப்பி, ஸ்பிரே அடித்திருப்பார்கள். தினம் காலையில் அந்த வேலை. முடியாதவர்கள் பெர்ம் போடுகிறார்கள். அந்த மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்துவிடும். உருளையில் சுற்றி, இன்னொரு மருந்தால் மறுபடி பிணைப்பார்கள். அது தண்ணீருக்குப் போகாது.

11:31 சுவோன் அண்ணன்: இங்கே முதல் தடவை சலூனுக்குப் போனபோது அந்த அம்மா என் முடியைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடையில் பெர்ம் போட்டீர்கள், நன்றாக வந்திருக்கிறதே என்றார். பிறவியிலேயே இப்படித்தான் என்று சொல்ல அப்போது எனக்குக் கொரிய மொழி தெரியாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

11:32 நான்: அவர்கள் காசு கொடுத்துச் சுருட்டுகிறார்கள், தம்பி காசு கொடுத்து நேராக்குகிறான்.

11:40 தாத்தா: (குரல் பதிவு, 1:12)

11:44 நான்: பேருந்தில் இருப்பவர்களுக்காகத் தாத்தா பேசியதை எழுதுகிறேன். "என் அப்பாவுக்குக் குடுமி இருந்தது. தாலுகா ஆபீசில் வேலை கிடைத்ததும் எடுத்துவிட்டார். கிராப்போடு வீட்டுக்கு வந்த மகனிடம் எங்கள் பாட்டி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், சாப்பிட வாடா மொட்டை என்றாளாம். பையனைத் திட்டாதீர்கள், முடி வளரும்."

11:50 சுவோன் அண்ணன்: தாத்தா, இங்கே அது நாட்டுக்கே நடந்தது. 1895 கடைசியில் கோஜோங் அரசர் ஆண்களெல்லாம் உச்சிக்கொண்டையை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார், தானும் வெட்டிக்கொண்டார். அந்தக் கொண்டைக்கு சாங்டு என்று பெயர், கல்யாணமான ஆணுக்கு அடையாளம். உடம்பும் முடியும் பெற்றோர் கொடுத்தவை, அதில் கைவைப்பது பாவம் என்று நம்பியவர்கள். கலவரமே வந்தது. சே இக்-ஹ்யோன் என்ற அறிஞர், என் தலையை வெட்டினாலும் முடியை வெட்ட விடமாட்டேன் என்று நின்றார்.

11:52 பெரியப்பா: நான் ஸ்டெப் கட்டிங் வைத்திருந்தபோது இந்தத் தத்துவத்தை உன் தாத்தாவிடம் சொல்ல ஆள் இல்லை. காதை மூடியது என்று அவரே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது முடி வளருமாம்!

11:53 சின்ன அத்தை: அண்ணன் அன்றைக்குத் தென்னந்தோப்பில் ஒளிந்துகொண்டதை நான் எங்கேயும் சொன்னதில்லை.

11:53 பெரியப்பா: இப்போது சொல்லிவிட்டாய்.

11:55 சுவோன் அண்ணன்: சியோலில் 1970களில் அந்த வேலையைப் போலீஸே செய்தது அப்பா. நீள முடி வைத்த இளைஞர்களைத் தெருவில் பிடித்து வெட்டிவிட்டார்கள்.

11:57 தம்பி: எங்கள் பி.டி. சாருக்கு இதைக் காட்டிவிடாதீர்கள். பள்ளி திறந்ததும் வாசலில் நின்று தலை பார்ப்பார். இந்தக் கொடுமை எங்களுக்கு மட்டும்தான்.

11:59 சுவோன் அண்ணன்: டோக்கியோ அரசு உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் டூ பிளாக்குக்கே தடை இருந்தது. 2022 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். இங்கே கொரியாவில் பள்ளி விட்டாலும் கட்டாய ராணுவ சேவை விடாது. பிடிஎஸ் பாட்டுக் குழுவின் ஜின் 2022 டிசம்பரில் ஒட்ட வெட்டிக்கொண்டுதானே போனார், பதினெட்டு மாதம். எங்கள் லேபில் ஒரு பையன் கண்ணாடி பார்க்காமல் கதவைத் தாண்ட மாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை தொப்பியோடு வந்தான். திங்கட்கிழமை முகாமுக்குப் போக வேண்டுமாம். தொப்பியை எடுக்கச் சொல்லி எல்லோரும் வரிசையாகத் தலையைத் தடவினோம். சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது.

12:04 அம்மா: கதையெல்லாம் இருக்கட்டும். வியாழக்கிழமைக்கு என்ன செய்வது?

12:08 சுவோன் அண்ணன்: ஒன்றும் செய்ய முடியாது சித்தி. முன்முடியைச் சுருட்டையாகவே விடுங்கள், அதுதான் அவனுக்கு அழகு. ஸ்ட்ரெய்ட்டனிங் பக்கம் போக விடாதீர்கள். தம்பி, மூன்று மாதம் கழித்துப் போகும்போது படத்தைக் காட்டாதே. மெஷின் காதுக்கு மேலே இரண்டு விரலைத் தாண்ட வேண்டாம், மேல்முடியைக் காய வைத்து வெட்டுங்கள் என்று சொல். சுருட்டை எவ்வளவு ஏறும் என்று காய்ந்தால்தான் தெரியும்.

12:09 தம்பி: மூன்று மாதமா!

வியாழக்கிழமை

7:10 தம்பி: அக்கா, மணமேடையைப் பார். மாப்பிள்ளைக்குக் கமா ஹேர்.

7:11 நான்: பார்த்தேன். அச்சு அசல் நீ காட்டிய படம்.

7:12 தம்பி: மின்விசிறி மேடைக்கு எட்டவில்லை. ஹோமம் வேறு வளர்க்கிறார்கள்.

7:26 நான்: நெற்றியைத் துடைத்துவிட்டார்கள்.

7:27 தம்பி: நுனி எழும்புகிறது.

7:31 தம்பி: அக்கா, ஆச்சரியக்குறி.

7:32 சின்ன அத்தை: இரண்டு பேரும் போனை உள்ளே வையுங்கள். கெட்டிமேளம் கொட்டப்போகிறார்கள், வீடியோக்காரர் உங்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.